நிலமும் பொழுதும்: நிலக்காட்சிப் படம் ஆவணமா, தியானமா?

2012-ல் பிரிட்டனில் நடந்த ஒரு நிலக்காட்சி ஒளிப்படப் போட்டியில் முதல் பரிசு பெற்ற படம், முடிவு அறிவித்த கொஞ்ச நாளிலேயே தகுதி நீக்கம் செய்யப்பட்டது. படத்தில் மேகங்கள் சேர்க்கப்பட்டிருந்தன என்பது காரணங்களில் ஒன்று. எட்டு ஆண்டு கழித்து, 2020 அக்டோபரில், வானத்தையே மாற்றும் வேலையைச் சில சொடுக்குகளில் முடிக்கும் வசதி ஃபோட்டோஷாப்பில் வந்தது. இன்று கைப்பேசியிலேயே வெளிறிய வானத்தை எடுத்துவிட்டுச் செவ்வானத்தை வைத்துவிடலாம். கேமராவே இல்லாமல், உலகில் எங்குமே இல்லாத ஒரு மலையைச் சில வார்த்தைகள் தட்டி வரவழைக்கவும் முடிகிறது.

இப்படி ஒவ்வொரு செய்தி வரும்போதும் வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். ஒளிப்படம் என்பது சான்று, அதில் கை வைத்தால் பொய் என்பது ஒரு கட்சி. ஒளிப்படம் என்பது கலை, எடுத்தவர் மனத்தில் பட்டதைக் காட்ட என்ன செய்தாலும் தகும் என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கிறது: பதிவு கூடினால் கலை குறையும், கலை கூடினால் பதிவு குறையும். நிலக்காட்சிப் படத்தின் ஏறக்குறைய 200 ஆண்டு வரலாற்றைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிற்கவில்லை. மனத்தை நீண்ட நேரம் பிடித்து வைத்த படங்கள் பெரும்பாலும் நல்ல ஆவணங்களாகவும் இருந்திருக்கின்றன. ஏன் அப்படி என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

பதிவு என்றால், ஓரிடம் ஒரு நேரத்தில் எப்படி இருந்தது என்பதைப் பிற்பாடு வேறொருவர் சரிபார்க்கும்படி விட்டுச் செல்வது. சரிபார்க்க முடிவது என்பதுதான் இதில் முக்கியம்.

இதன் மறுபக்கத்தைத் தியானம் என்று சொல்வது வழக்கம். கண்ணை மூடுவதோடு அந்தச் சொல் சேர்ந்துவிட்டதால் இங்கே தோய்தல் என்கிறேன். ஒரு காட்சியில் மனம் தோய்ந்து, அவசரமில்லாமல் நின்று, முதல் பார்வையில் படாதது படும்வரை பார்ப்பது. எடுப்பவரும் தோயலாம், பார்ப்பவரும் தோயலாம்.

இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத் தமிழில் ஒரு பழைய கருவி கையில் இருக்கிறது. தொல்காப்பியம் முதற்பொருள் என்று இரண்டைச் சொல்கிறது: நிலம், பொழுது. பொழுதையும் இரண்டாகப் பிரிக்கிறது. கார், கூதிர் போன்ற பருவங்கள் பெரும்பொழுது. மாலை, யாமம், வைகறை போன்ற நாளின் கூறுகள் சிறுபொழுது. மரம், விலங்கு, பறவை, தொழில் எல்லாம் அதற்கு அடுத்துவரும் கருப்பொருள். பிரிவு, காத்திருப்பு போன்ற மன நிலைகள் உரிப்பொருள். கவிதைக்காக வகுத்த இலக்கணம் இது. ஆனாலும் நிலக்காட்சிப் படத்தை இவ்வளவு துல்லியமாக விவரிக்கும் வேறு வகைப்பாடு எனக்குத் தெரிந்து இல்லை. ஒரு படத்தில் அடிப்படையாக இருப்பது ஓர் இடமும் ஒரு நேரமும். அவை இரண்டும் உறுதியாக நின்றால்தான் அதன் மேல் ஒரு மன நிலை வந்து உட்காரும்.

கேமரா எதைப் பதிகிறது?

கேமரா உள்ளதை உள்ளபடி எடுக்கிறது என்பது பாதி உண்மை. எந்தக் கேமராவாக இருந்தாலும் நான்கு இடங்களில் கண்ணிலிருந்து விலகுகிறது.

1. எல்லை. கண் சுழன்று சுழன்று பார்க்கும். படத்துக்கு நான்கு ஓரம் உண்டு. 35 மில்லிமீட்டர் பிலிம் அளவுள்ள சென்சாரில் 24 மி.மீ. லென்ஸ் மூலைக்கு மூலை சுமார் 84 டிகிரி அகலத்தை எடுக்கும், 200 மி.மீ. லென்ஸ் சுமார் 12 டிகிரிதான். அதே பாறை ஒன்றில் பரந்த வெளியின் நடுவே ஒரு புள்ளி, இன்னொன்றில் படம் முழுக்க அடைத்து நிற்கும் சுவர்.

2. கால நீளம். நொடியில் 500-ல் ஒரு பங்கு நேரம் ஷட்டர் திறந்தால் அலையின் ஒவ்வொரு துளியும் தனித்தனியே நிற்கும். 30 நொடி திறந்தால் அதே கடல் பனிமூட்டம் போலப் படியும். கண் இரண்டையுமே பார்ப்பதில்லை. ஆனால் இரண்டும் நடந்தவைதான். 30 நொடியில் அந்த நீர் எங்கெல்லாம் போய் வந்தது என்பதன் கூட்டுத்தொகைதான் அந்த மூட்டம்.

3. ஒளி வீச்சு. வெளிச்சம் இரட்டிப்பாவதை ஒரு ஸ்டாப் என்கிறார்கள். இன்றைய நல்ல சென்சார் சுமார் 14 ஸ்டாப் வரை தாங்கும். காகிதத்தில் அச்சிட்டால் அதில் பாதிதான் தங்கும். மிச்சத்தை யாராவது சுருக்கியாக வேண்டும்: எடுத்தவர், அல்லது கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள். "எடிட் செய்யாத படம்" என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த முடிவை கேமரா நிறுவனத்தின் பொறியாளர் எடுத்தார் என்றுதான் அர்த்தம்.

4. நிறம். சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஒன்றைத்தான் அளக்கிறது. மற்ற இரண்டும் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்கிட்டு நிரப்பப்படுகின்றன.

இன்று நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கேமராப் படமே இதற்குச் சாட்சி. பிரான்சில் நீசெஃபோர் நியெப்ஸ் தன் வீட்டு மாடி ஜன்னலிலிருந்து 1826 அல்லது 1827-ல் எடுத்தது. பிட்டுமன் என்ற தார் பூசிய தகட்டில் ஒளி பதிய எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆனது. அதற்குள் சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போய்விட்டது. அதனால் அந்தப் படத்தில் கட்டடங்களின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் வெயில் அடிக்கிறது. எந்த மனிதரும் அப்படி ஒரு முற்றத்தைப் பார்த்ததில்லை. ஆனால் அதில் பொய் ஒன்றுமில்லை. ஒரு முழுப் பகல் அங்கே இருக்கிறது, அவ்வளவுதான்.

எனவே கண் பார்த்தது போலவே இருக்கிறதா என்பது நல்ல கேள்வி இல்லை. அந்த இடத்தில் அந்த நேரத்தில் விழுந்த ஒளியிலிருந்துதான் இந்தப் படம் வந்ததா என்பதே கேட்க வேண்டியது.

வானம் எப்போதுமே சிக்கல்தான்

வானத்தை மாற்றும் ஆசை மென்பொருளோடு வந்தது என்று நினைப்பது தவறு. 1851-ல் ஃபிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறைதான் (கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் எடுப்பது) அடுத்த 30 ஆண்டுகளுக்கு ஒளிப்படத் தொழிலை நடத்தியது. அந்தத் தகடு நீல ஒளிக்கும் புற ஊதாவுக்கும் மட்டுமே நன்றாக அசையும். பச்சைக்கும் சிவப்புக்கும் ஏறக்குறையக் குருடு. காட்டுக்குச் சரியாக ஒளி கொடுத்தால் வானம் வெளுத்து வெற்றுத் தாளாகிவிடும். வானத்துக்குச் சரியாகக் கொடுத்தால் தரை கரியாகிவிடும்.

பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ க்ரே 1850-களின் பின்பாதியில் எடுத்த கடல் படங்கள் சிலவற்றில் இதற்கு ஒரு வழி கண்டார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். தொடுவானக் கோட்டில் இரண்டையும் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். ஒரே வானத்தை வேறு வேறு கடல்களின் மேல் வைத்ததும் உண்டு. பார்த்தவர்கள் மலைத்துப் போனார்கள்.

அப்படியானால் லெ க்ரே செய்ததும் இன்றைய சொடுக்கும் ஒன்றுதானா? கருவியால் காட்ட முடியாத வானத்தைக் காட்ட அவருக்கு வேறு வழி பெரிதாக இல்லை. அந்த அளவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரே வானத்தை இரண்டு கடலுக்கு வைத்தபோது அந்தப் படம் பொழுதை இழந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அழகு இருக்கிறது, திறமை இருக்கிறது. எந்த மாலை என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை.

அளக்கப் போனவர்களின் படங்கள்

அமெரிக்க மேற்குப் பகுதியை 19-ஆம் நூற்றாண்டில் அளக்கப் போன அரசுக் குழுக்களோடு ஒளிப்படக்காரர்களும் போனார்கள். அவர்களுக்குக் கொடுத்த வேலை கலை இல்லை. பாறை எப்படி இருக்கிறது, ஆறு எங்கே திரும்புகிறது என்று காட்டுவது. வேலையின் கடுமையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொலோடியன் தகடு காய்வதற்குள் எல்லாம் முடிய வேண்டும். அந்த இடத்திலேயே கூடாரத்துக்குள் கண்ணாடியில் ரசாயனம் பூசி, ஈரத்தோடு கேமராவில் வைத்து, ஒளி கொடுத்து, மறுபடி ஓடி வந்து கழுவ வேண்டும். கையில் பத்துப் பதினைந்து நிமிடம். ஆக, எங்கே நிற்பது என்பதை முன்பே நன்றாகப் பார்த்து முடிவு செய்துகொள்ளாமல் தகட்டைத் தொடவே முடியாது. தோய்தல் என்று எதைச் சொன்னேனோ, அதை அவர்களுடைய வேலை முறையே வற்புறுத்தியது.

டிமோத்தி ஓ'சல்லிவன் 1867-ல் நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் எடுத்த மணல் மேட்டுப் படம் அப்படி ஒன்று. வெளுத்த மணல், கோவேறு கழுதைகள் பூட்டிய ஒரு வண்டி, அதிலிருந்து கேமராவை நோக்கி நடந்து வந்த காலடித் தடம். அந்த வண்டிதான் அவருடைய இருட்டறை. மணலின் சரிவைக் காட்டும் ஆவணம் அது. ஒரு மனிதர் தனியாக நடந்து வந்து திரும்பிப் பார்த்த கணமும் அதில் இருக்கிறது. எது ஆவணம், எது மனம் என்று அந்தத் தடத்தைப் பிரித்துக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

கார்ல்டன் வாட்கின்ஸ் குழு எதிலும் சேராமல் தானே போனவர். 1861-ல் 18-க்கு 22 அங்குலக் கண்ணாடித் தகடுகளைக் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றிக்கொண்டு யோசெமிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போனார். அந்தப் படங்கள் கிழக்கே பயணித்து அரசியல்வாதிகள் கண்ணிலும் பட்டன. 1864 ஜூன் 30-ல் அந்தப் பள்ளத்தாக்கைப் பொதுமக்களுக்காக ஒதுக்கும் சட்டத்தில் ஆப்ரகாம் லிங்கன் கையெழுத்திட்டார். படம் மட்டுமே அதைச் செய்யவில்லை என்றாலும் அதன் பங்கு பெரிது. 1871-ல் ஹெய்டன் தலைமையில் போன அரசு அளவைக் குழுவோடு வில்லியம் ஹென்றி ஜாக்சன் எடுத்த படங்களுக்கும் இதே கதை: 1872 மார்ச் 1-ல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா ஆனது.

இங்கே ஒரு விஷயத்தைத் தாண்டிப் போக முடியாது. வாட்கின்ஸின் யோசெமிட்டி பெரும்பாலும் ஆளற்று, யாரும் மிதிக்காத பூமி போல நிற்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த அவானீச்சி மக்களை வெளியேற்ற ஆயுதப் படை நுழைந்தது 1851-ல், அதாவது வெறும் 10 ஆண்டுக்கு முன்னால். படத்தில் இருக்கும் பாறை உண்மை, அருவி உண்மை. அந்த அமைதி எப்படி வந்தது என்பதைப் படம் சொல்லவில்லை. திணை இலக்கணத்தில் மக்களும் அவர்கள் தொழிலும் கருப்பொருளில் இடம் பெறுகிறார்கள். ஆளில்லா நிலத்தைத் தூய நிலம் என்று அது கருதவில்லை. நிலக்காட்சிப் படத்தின் முன் தோய்ந்து நிற்கும்போது, இந்த வெறுமை இயற்கையாக வந்ததா என்ற கேள்வியும் கூட இருக்க வேண்டும்.

மனத்தைக் காட்டப் போனவர்களின் படங்கள்

சரி, எதிர்ப்பக்கத்துக்கு வருவோம். அமெரிக்க ஒளிப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் யோசெமிட்டியின் ஹாஃப் டோம் என்னும் பெரும் பாறை முகத்தை எடுக்கப் போனபோது கடைசியில் இரண்டு தகடுகள் மிச்சம். முதலாவதை மஞ்சள் ஃபில்டர் போட்டு எடுத்தார். எடுத்ததுமே, இது பாறையின் உருவத்தைத்தான் காட்டும், அதன் முன் தனக்கு ஏற்பட்ட பிரமிப்பைக் காட்டாது என்று அவருக்குப் பட்டது. கடைசித் தகட்டுக்கு அடர் சிவப்பு ஃபில்டர் போட்டார். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியை மறித்துவிடும். எனவே நீல வானம் கிட்டத்தட்டக் கறுப்பாகும், அதன் முன் பாறை எழுந்து நிற்கும். எடுக்கும் முன்பே முடிந்த பிரிண்ட்டை மனத்தில் காண்பதை அவர் பிற்பாடு ஒரு முறையாகவே வகுத்துக் கற்பித்தார். கவனிக்க வேண்டியது, அவர் எதையும் ஒட்டவில்லை. இருந்த ஒளியில் ஒரு பகுதியை விட்டுவிட்டார்.

அவருடைய இன்னொரு படம் இந்தக் கட்டுரை முழுவதற்கும் அச்சாணி. நியூ மெக்சிகோவின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர், மாலை நேரம், கல்லறைச் சிலுவைகளில் கடைசி வெயில், மேலே எழுந்துவிட்ட நிலா. சாலையில் போய்க்கொண்டிருந்தவர் காரை நிறுத்தி அவசர அவசரமாகக் கேமராவை நிறுவினார். ஒளிமானி கையில் அகப்படவில்லை. நிலாவின் பிரகாசம் எவ்வளவு என்பது அவருக்கு மனப்பாடம். அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரே ஒரு முறை எடுத்தார். இரண்டாவது முறை எடுக்கத் தயாராவதற்குள் சிலுவைகளிலிருந்து வெயில் போய்விட்டது.

அந்த ஒரு நெகட்டிவிலிருந்து அடுத்த 40 ஆண்டுகளில் 1,300-க்கும் மேற்பட்ட பிரிண்ட் போட்டார். ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. தொடக்கத்தில் வானத்தில் வெளிறிய மேகங்கள் நிறையத் தெரிகின்றன. பிற்காலப் பிரிண்ட்களில் மேல்வானத்தை இருட்டறையில் கூடுதல் ஒளி கொடுத்துக் கறுக்க வைத்துவிட்டார். இதைத்தான் பர்ன் செய்வது என்பார்கள், அதற்கு எதிரானது டாட்ஜ். சான்றுக் கட்சிக்காரர்கள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள்.

ஆனால் அப்புறம் நடந்ததைப் பாருங்கள். ஆடம்ஸுக்கு நாள் தேதி நினைவில் நிற்காது. இந்தப் படத்துக்கு 1940 முதல் 1944 வரை வெவ்வேறு ஆண்டுகளைக் குறித்து வைத்தார். வானியல் தெரிந்தவர்கள் படத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள்: நிலா எவ்வளவு உயரத்தில், எந்தத் திசையில், எந்த வடிவில். 1981-ல் ஒருவர் 1941 அக்டோபர் 31 என்றார். கேமரா நின்ற இடத்தை இன்னும் சரியாகக் கண்டுபிடித்து டென்னிஸ் டி சிக்கோ 1991-ல் திருத்தினார்: 1941 நவம்பர் 1, மாலை 4 மணி 49 நிமிடம்.

பார்த்தவர்கள் ஒரு வழிபாட்டின் முன் நிற்பது போல நிற்கும் படம். எடுத்தவரே மறந்த நேரத்தை அது நிமிடக் கணக்கில் வைத்திருந்தது. மேகங்களைக் கறுப்பாக்கினாலும் நிலா நின்ற இடத்தில் நின்றது, நிழல் விழுந்த இடத்தில் விழுந்தது. வேறொரு மாலையின் நிலாவை ஒட்டியிருந்தால் அந்தக் கணக்கு எங்கோ போய் முட்டியிருக்கும்.

நிலத்தையே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு. ஆல்ஃப்ரட் ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் பத்தாண்டுக்கும் மேலாக மேகங்களை எடுத்தார். பலவற்றில் தொடுவானம் கூட இல்லை; மேல் எது, கீழ் எது என்று தெரியாது. மேகத்தைப் பார்க்காமல் தன் உள்ளத்து நிலைக்கு ஈடான ஒன்றைப் பாருங்கள் என்பதே அவர் நோக்கம். பொழுது மட்டும் மிஞ்சிய படங்கள் அவை. நிறுத்திப் பார்க்க வைக்கின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் ஹெர்னாண்டஸின் முன் நின்ற அளவு என்னால் அவற்றின் முன் நிற்க முடிவதில்லை. கால் ஊன்ற நிலம் இல்லை என்பது காரணமாக இருக்கலாம்.

அதே இடத்துக்குத் திரும்பிப் போவது

பதிவையும் தோய்தலையும் ஒரே செயலாகவே ஆக்கிவிட்ட முறை ஒன்று உண்டு: பழைய படம் எடுத்த அதே இடத்தில், அதே பருவத்தில், அதே நேரத்தில் நின்று மறுபடி எடுப்பது. மறுபதிவு என்று வைத்துக்கொள்வோம். செய்யும் முறை இது:

1. பழைய படத்தில் பக்கத்தில் ஒரு பொருள், தொலைவில் ஒரு பொருள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பாறை முனையும் அதற்குப் பின்னால் ஒரு மலை உச்சியும் போல. நாம் ஓர் அடி நகர்ந்தாலும் பக்கத்துப் பாறை தொலைவு மலையின் மேல் நகரும். இரண்டும் பழைய படத்தில் இருந்தது போல ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் கோட்டில்தான் அன்றைய கேமரா இருந்தது. இப்படி இரண்டு மூன்று இணைகளைப் பொருத்தினால் கோடுகள் ஒரு புள்ளியில் வெட்டும்.

2. லென்ஸை மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. எது எதை மறைக்கிறது என்பதை முடிவு செய்வது நின்ற இடம் மட்டுமே. லென்ஸ் எவ்வளவு அகலம் எடுப்பது என்பதை மட்டும் மாற்றும்.

3. நிழலின் நீளமும் திசையும் பார்த்துப் பருவத்தையும் மணியையும் கணிக்க வேண்டும். பெரும்பொழுதும் சிறுபொழுதும் இரண்டுமே.

4. அப்புறம் காத்திருக்க வேண்டும்.

1977-ல் தொடங்கி மார்க் க்ளெட்டும் கூட்டாளிகளும் ஓ'சல்லிவன், ஜாக்சன் போன்றவர்கள் நின்ற இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றைத் தேடிப் பிடித்து இப்படி எடுத்தார்கள். அதில் ஒரு வியப்பும் வந்தது. யூட்டாவில் ஓ'சல்லிவன் 1869-ல் எடுத்த பாறைப் படம் ஒன்றில், கேமராவை வேண்டுமென்றே சாய்த்து வைத்திருந்தார் என்று தெரிந்தது. நேராக வைத்தால் பாறைகள் சாதுவாக ஒரு சரிவில் உட்கார்ந்திருக்கின்றன. அவர் படத்தில் அவை விண்ணைக் குத்திக்கொண்டு நின்றன. நில அளவைக்குப் போனவரின் ஆவணத்துக்குள்ளும் ஒரு மனம் இருந்தது என்பதை இன்னொரு ஆவணம்தான் வெளியே கொண்டு வந்தது.

மறுபதிவின் பலன் பனியாறுகளில்தான் மிகக் கண்கூடு. அலாஸ்காவின் மியூர் பனியாற்றை 1941 ஆகஸ்ட் 13-ல் வில்லியம் ஃபீல்ட் எடுத்தார். 2004 ஆகஸ்ட் 31-ல் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தின் புரூஸ் மோல்னியா அதே இடத்தில் நின்றார். 1941-ல் பள்ளத்தாக்கு முழுக்கப் பனி. 2004-ல் அதே மலைகளின் அடியில் கடல்நீர், கரையில் பச்சை. இடையில் பனியாறு 12 கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கி, 800 மீட்டருக்கும் மேல் தடிமன் இழந்திருந்தது. ஃபீல்ட் 1941-ல் எடுத்தது அவருக்கு முன்னால் இருந்த பனியை. அவர் நின்ற புள்ளியைக் கவனமாகத் தேர்ந்து, நாளோடு விட்டுச் சென்றதால்தான் அந்தப் படம் 63 ஆண்டு கழித்து இன்னொரு அர்த்தம் பெற்றது. இந்த இரண்டு படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் வெறும் அளவை மட்டும் படிப்பதில்லை. நெஞ்சு கனக்கிறது. உரிப்பொருள் என்பது இதுதானே? 2007-ல் ஜேம்ஸ் பேலாக் தொடங்கிய திட்டம் இதை இன்னொரு அளவுக்குக் கொண்டு போனது: பனியாறுகளின் எதிரில் கேமராக்களை நட்டு, பகல் முழுக்கக் குறித்த இடைவெளியில் ஆண்டுக்கணக்காக எடுக்க வைத்தார்.

அழகில்லாத நிலம்

1975-ல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரத்தில், ஜார்ஜ் ஈஸ்ட்மன் அருங்காட்சியகத்தில் ஒரு கண்காட்சி நடந்தது. மனிதர் மாற்றிய நிலம் என்பது பொருள். ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஸ்டீஃபன் ஷோர் என்று பத்துப் பங்களிப்பாளர்கள். மலையும் அருவியும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு வரிசை வீடுகள், கிடங்குச் சுவர்கள், வண்டி நிறுத்தங்கள் காட்டப்பட்டன. குளிர்ந்த, உணர்ச்சி காட்டாத படங்கள் என்று அப்போது பேச்சு.

எனக்கு ராபர்ட் ஆடம்ஸின் படங்கள் அப்படித் தோன்றுவதில்லை. கொலராடோவில் புதிதாக முளைத்த அழகற்ற குடியிருப்புகளின் மேலும் அதே தெளிந்த ஒளி விழுவதை அவர் பொறுமையாகக் காட்டினார். வெளிச்சம் நிலத்தைத் தேர்ந்தெடுத்து விழுவதில்லை. தோய்ந்து பார்க்கத் தகுந்த இடம் என்று சிலவற்றை மட்டும் ஒதுக்கி வைத்தால், மிச்ச நிலமெல்லாம் யாரும் பார்க்காமலே அழியும். இது ஒளிப்படத்துக்கு வெளியே போகும் விளைவு என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

வானத்தை மாற்றினால் எது போகிறது?

இனி முதல் கேள்விக்குத் திரும்பலாம். படத்தில் செய்யும் மாற்றங்களை மூன்று தட்டுகளாகப் பிரித்தால் குழப்பம் பெரிதும் தீரும்.

1. ஒளியின் அளவை மாற்றுவது. டாட்ஜ், பர்ன், ஃபில்டர், கறுப்பு வெள்ளை, மாறுபாடு கூட்டுவது எல்லாம் இதில் சேரும். இடமும் பொழுதும் அப்படியே இருக்கின்றன. ஹெர்னாண்டஸ் படம் இந்தத் தட்டு. எவ்வளவு அழுத்தமாகச் செய்தாலும் பிற்பாடு ஒருவர் நிலாவை அளக்கலாம்.

2. இருந்ததை நீக்குவது. மின்கம்பி, குப்பை, ஓர் ஆள். சின்ன வேலை போலத் தெரியும். ஆனால் நூறு ஆண்டு கழித்து அந்த மலையில் மின்கம்பி எப்போது வந்தது என்று தேடுபவருக்கு அந்தப் படம் தவறான பதில் சொல்லும். யோசெமிட்டியின் வெறுமையை நினைத்துக்கொள்ளுங்கள். நகர்ந்து நின்று கம்பியைத் தவிர்ப்பதற்கும் அழிப்பதற்கும் வேறுபாடு உண்டு: நகர்ந்து நின்றால் நின்ற இடம் படத்தில் பதிந்துவிடுகிறது, சரிபார்க்கலாம்.

3. இல்லாததைச் சேர்ப்பது. இதில்தான் வானம் வருகிறது.

வானத்தை ஒரு திரை போல நினைத்துத்தான் பலர் மாற்றுகிறார்கள். வானம் திரை இல்லை, விளக்கு. மேகமூட்ட நாளில் வானம் முழுவதிலிருந்தும் ஒளி வருவதால் நிழலின் ஓரம் கரைந்து போகும். தெளிந்த நாளில் நிழல் கூர்மையாக இருக்கும். அந்த நிழலுக்குள் வானத்தின் நீலம் கசியும். சூரியன் தாழ்ந்திருக்கும்போது ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப் போவதால் மிச்சமிருப்பது சிவந்திருக்கும், புல்லின் நுனி கூட நீண்ட நிழல் வீசும். ஆக, தரையின் ஒவ்வொரு கல்லும் அப்போதைய வானத்தைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறது. உச்சி வெயிலில் எடுத்த தரையின் மேல் செவ்வானத்தை வைத்தால், மேலே ஒரு பொழுது, கீழே ஒரு பொழுது. மென்பொருள் தரைக்கும் கொஞ்சம் செம்மை பூசும், நிழலை நீட்டாது.

கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. நிலா விண்ணில் சுமார் அரை டிகிரி அகலம்தான். படம் 84 டிகிரி அகலத்தைக் காட்டும்போது நிலா மலையளவு இருந்தால் அது வேறு லென்ஸில் எடுத்து ஒட்டியது. நீரில் தெரியும் வானம் பெரும்பாலும் நேரே தெரியும் வானத்தைவிட மங்கல். ஒரே பிரகாசத்தில் தலைகீழாக வைத்திருந்தால் சந்தேகப்படலாம். சூரியன் இருக்கும் பக்கத்தை நோக்கியே நிழல் விழுந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆனால் கண்டுபிடிக்க முடியாத அளவு நேர்த்தியாகச் செய்தால் என்ன நட்டம்? பார்ப்பவர் நீண்ட நேரம் நிற்க நிற்கப் படம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிழலைத் தொடர்ந்தால் வெயிலுக்கும், வெயிலைத் தொடர்ந்தால் மணிக்கும், மணியைத் தொடர்ந்தால் அங்கே குளிரில் நின்ற ஒருவருக்கும் போய்ச் சேர முடியும். ஒட்டிய வானத்தில் இந்த வழி ஓரிடத்தில் அறுந்துவிடுகிறது. பதிவு உடைந்த இடத்தில் தோய்தலும் உடைகிறது. கலைக் கட்சிக்கு நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். அறத்தை விட்டுவிட்டாலும் கலைக்கே இது நட்டம்.

கற்பனையாக ஒரு நிலத்தை உருவாக்குவது தவறு என்று இதற்குப் பொருளில்லை. ஓவியர்கள் எப்போதும் செய்து வருவதுதான். அதை ஓவியம் என்றோ புனைவு என்றோ பெயர் சொல்லி வைத்தால் யாருக்கும் குழப்பமில்லை.

தொழில்நுட்பப் பக்கமும் ஏற்பாடுகள் நடக்கின்றன. போட்டிகள் பலவும் இப்போது இறுதிச் சுற்றில் ரா கோப்பைக் கேட்கின்றன. சென்சார் அளந்ததை மென்பொருள் சமைக்கும் முன் வைத்திருக்கும் கோப்பு அது. 2021-ல் அடோபி, பிபிசி, மைக்ரோசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் சேர்ந்து சி2பிஏ என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. படம் எந்தக் கேமராவில் பிறந்தது, பிறகு என்னென்ன மாற்றம் கண்டது என்பதை மின்னணு முத்திரையோடு கோப்புக்குள்ளேயே எழுதி வைப்பது அதன் வேலை. 2023-ல் லைக்கா எம்11-பி இந்த வசதியோடு வந்தது. உதவியான ஏற்பாடுதான். ஆனால் முத்திரை சொல்வது கோப்பின் வரலாற்றை மட்டும். ஓரத்துக்கு வெளியே விட்டது எது என்று அது சொல்லாது.

படத்தோடு போக வேண்டிய வரி

எடுப்பவர் செய்யக்கூடிய மிக எளிய காரியம் குறிப்பு எழுதுவது. இடம், நாள், மணி, கேமரா நோக்கிய திசை. லென்ஸ், ஷட்டர் விவரங்களைக் கேமராவே கோப்பில் எழுதிவிடும். ஆனால் சமூக வலைத்தளங்கள் பலவும் ஏற்றும்போது அவற்றைக் கழற்றிவிடுகின்றன, எனவே தனியாக எழுதி வைப்பது நல்லது. எளிதில் சிதையும் இடமாக இருந்தால் துல்லியமான புள்ளியைப் பொதுவில் போடாமல் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம். படத்தைப் பார்த்துக் கூட்டம் திரண்டு மிதித்துக் கெடுத்த பூவெளிகள் உண்டு.

இப்படிக் குறிப்பு எழுதுவது படத்தின் மர்மத்தைக் கெடுக்கும் என்று சிலர் தயங்குகிறார்கள். ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகின் கடல்களை எடுத்து வருகிறார். எல்லாமே ஒரே அமைப்பு: மேல் பாதி வானம், கீழ் பாதி நீர், நடுவே தொடுவானம். கப்பல் இல்லை, கரை இல்லை, பறவை இல்லை. ஆதி மனிதர் பார்த்ததை நாமும் அப்படியே பார்க்க முடியுமா என்ற கேள்வியிலிருந்து பிறந்த தொடர். மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கடலுக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு தெரியாது. எந்தப் பெயர் வைத்தாலும் ஏற்றுக்கொள்வோம். அவர் தேர்ந்தெடுத்த பெயர்களோ பதிவேட்டு வரிகள் போலத்தான் இருக்கின்றன. தொடரின் முதல் படத்துக்குக் கீழே இருப்பது: கரீபியன் கடல், ஜமைக்கா, 1980.